ஓங்கல் வள்ளத்தின் சொந்தக்காரி

பாறை உச்சியில் ஏறி நின்றால் கடல் விக்டோரியாவுக்கு முற்றத்தில் விரித்த பாய் மாதிரித் தெரியும். எந்த இடத்தில் ஆலாப் பறவைகள் தாழ வந்து கொத்துகின்றன, எந்த இடத்தில் தண்ணீர் வட்டமாகக் கருத்திருக்கிறது என்று பார்ப்பாள். கருத்திருந்தால் அடியில் சாளை மீன் கூட்டம். சாளைக்குப் பின்னால் ஓங்கல் என்னும் டால்பின் வரும். அது முதுகைக் காட்டுவதற்கு முன்பே அவள் கையிலிருக்கும் மூங்கில் கழி எழும்பிவிடும். கழியின் நுனியில் ஒரு வெள்ளை முண்டுத் துணி. வலப்பக்கம் சாய்த்தால் மேற்கே போ. இடப்பக்கம் என்றால் கிழக்கே. தலைக்கு மேல் சுற்றினால் இன்னும் வெளியே போ. கீழே கடலில் அவளுடைய கொழுந்தன் யூஜின் அதைப் பார்த்து வள்ளத்தைத் திருப்புவான். அரை மணி நேரத்தில் ஓங்கல்கள் இருபுறமும் துள்ள, வள்ளத்தில் இருக்கும் துரைமாரும் துரைசானிமாரும் கைதட்டுவார்கள். கைதட்டுவது மட்டும் காற்றில் வந்து பாறையில் நிற்பவளுக்குக் கேட்கும்.

இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்னத் துறையில் வள்ளம் அவளுடையது. அவள் கணவன் ததேயுஸ் நாற்பத்தொன்பதில் காய்ச்சலில் செத்தபோது விட்டுப் போனது அது ஒன்றுதான். அவளுடைய சீதனத்தை விற்றுச் செய்த வள்ளம். ஒவ்வொரு பலகையும் எந்தக் காசில் வந்தது என்று அவளால் சொல்ல முடியும். ஆனால் முப்பத்தெட்டு வயதுவரை அவள் கால் அதில் பட்டதில்லை. துறையின் சட்டம் அப்படி. பெண் வள்ளத்தில் ஏறினால் கடல் வற்றும், வலையில் மீன் விழாது. விதவை என்றால் இரட்டிப்பு விலக்கு. பிடித்த மீனைப் பெண் சுமக்கலாம், தலையில் கூடையோடு ஏழெட்டு மைல் ஓடலாம், சந்தையில் தொண்டை கிழியக் கூவலாம். அதனால் கடலுக்கு ஒன்றும் ஆகாது.

ததேயுஸ் போன பிறகு யூஜின் மீன் பிடித்துப் பாதி கொடுத்தான். பாதி என்பது அவன் சொல்வதுதான். மூன்றாம் வகுப்பு வரை கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த விக்டோரியாவுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரியும். ஆனால் கடலில் நடப்பதை யார் கூட்டிப் பார்ப்பது? கூடை சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப் போயிருந்தது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு ரப்பர் எஸ்டேட் மேனேஜரின் மனைவி மலையிலிருந்து கார் போட்டுக்கொண்டு கடல் காற்று வாங்க வந்தாள். தூரத்தில் ஓங்கல் துள்ளியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். யூஜின் சிரித்தான். வலையைக் கிழிக்கிற சனியனைப் பார்க்கவும் ஆள் வருமா என்றான். விக்டோரியா சிரிக்கவில்லை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, நான் பாறையில் நின்று வழி காட்டுகிறேன் என்றாள். கரைமடி வலை இழுப்பவர்கள் மேட்டில் நின்று முண்டு வீசி மீன் கூட்டத்தைக் காட்டுவது எல்லாரும் அறிந்த வழக்கம். அதை ஓங்கலுக்குத் திருப்பிவிட்டது அவள் மூளை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார் வந்தது. தை மாதம் முடிவதற்குள் நாகர்கோவிலிலிருந்து காலேஜ் வாத்தியார்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எல்லாரும் வந்து போனார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் மரியஜான் நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், குரல் பெரிய ஆள். கார்களின் வரவில் இளநீர்க் கடையும் நண்டு வறுக்கும் கடையும் முளைத்திருந்தன, இரண்டும் அவருடைய மருமக்கமாருடையவை. ஆகவே கமிட்டி வேதம், கடல், வழக்கம் எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. சப்பாத்து போட்ட பெண்ணின் கால் பலகையில் படுவதில்லை, தோல்தான் படுகிறது. ஆகையால் சப்பாத்துக்காரிகளுக்குத் தோஷமில்லை. இதை மினிட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூடநம்பிக்கை வளைந்து கொடுக்காது என்று நினைக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கார் வைத்திருப்பவன் முன்னால் அது எவ்வளவு வேண்டுமானாலும் வளையும். வெறுங்கால் முன்னால்தான் கல்லாகும்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. விக்டோரியா கூடையை இறக்கி வைத்தாள். பருவத்தில் ஓங்கல், மற்ற மாதங்களில் யூஜினின் மீன். சவாரிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பாறையில் நின்றே எண்ணிவிடலாம் என்பதால் இப்போது பாதி என்றால் பாதிதான்.

ஐம்பத்துநான்கு ஆனியில் ஓர் உத்தரவு வந்தது. ஆள் ஏற்றும் வள்ளங்களுக்கெல்லாம் பெர்மிட் வேண்டும். பெர்மிட் உடமஸ்தன், அதாவது சொந்தக்காரன் பேரில் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது உடமஸ்தன் கூடவே வள்ளத்தில் வர வேண்டும். பெர்மிட் யார் பேரிலோ வள்ளம் அவர் பேரில் என்று இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டதுமே விக்டோரியாவுக்குப் புரிந்தது. ததேயுஸ் வள்ளத்துக்கு எழுத்து ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. முதன்முதலாக ஒரு காகிதம் அந்த வள்ளம் யாருடையது என்று சொல்லப் போகிறது. அதில் தன் பேர் வராவிட்டால் திரும்பவும் கூடைதான்.

அப்போது ஊர் திருவனந்தபுரம் சர்க்காரின் கீழ் இருந்ததால் விண்ணப்பம் மலையாளத்தில் இருந்தது. அதை நிரப்ப அவள் பஸ் ஏறித் தக்கலைக்குப் போனாள். அங்கே முத்துநாயகம் என்று ஒரு மனு எழுதுகிறவர், மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷன். எழுதிக் கொடுத்தார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்து, "உடமஸ்தன் எவிடெ?" என்று கேட்டார், சொந்தக்காரன் எங்கே என்று. நான்தான் என்றாள். அவர் அவள் தலைக்குப் பின்னால் யாரையோ தேடினார். கணவனின் மரணச் சான்று வேண்டும் என்றார். அது கொண்டு போனபோது பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும் என்றார். ஆகஸ்டில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் கொதித்தது, துப்பாக்கி வெடித்தது, பஸ் நின்றது. பஸ் ஓடியபோது குமாஸ்தா மாறியிருந்தார். புதிய குமாஸ்தாவும் அதையே கேட்டார். உடமஸ்தன் எவிடெ? ஏழு தடவை போய் வந்த பிறகு பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். தை மாதம் இருபதாம் தேதி.

நாள் குறித்த சேதி அவள் வீட்டுக்கு வருவதற்குள் கமிட்டிக்குப் போய்விட்டது. கூப்பிட்டார்கள். அவள் பழைய மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி விக்டோரியா, நீ வள்ளத்துல ஏறுனா நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஏறுவா. பிறவு ஆம்பிளையளா மீன் சுமக்கணும்?" என்றார் மரியஜான்.

"சுமந்தா என்ன மாமா, கழுத்தா ஒடிஞ்சுரும்? எங்க கழுத்து ஒடியல்லியே."

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்தாள். மரியஜான் அந்தப் பக்கம் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கடல் விஷயத்தில் விளையாடக்கூடாது, உன் பேருக்குப் பதில் யூஜின் பேரைக் கொடு, அவன் உன்னைக் கைவிடவா போகிறான் என்று அவர் தணிந்து பேசினார். யூஜின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எஸ்டேட்டு அம்மா நூறு தடவ ஏறியாச்சு. கடல் வற்றல்லியே மாமா."

"அவிய சப்பாத்து போட்டவிய."

"அப்போ சப்பாத்துதான் காரியம்?"

"சப்பாத்துதான். புத்தகத்துல எழுதியிருக்குல்லா."

விக்டோரியா கூடையிலிருந்து ஒரு சோடி கான்வாஸ் சப்பாத்தை எடுத்து மினிட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள். கோட்டாற்றில் சேக் மைதீன் கடையில் வாங்கியது. ஆண்பிள்ளை அளவு. அவள் காலுக்கு ஏற்றது அந்தக் கடையில் இல்லை, எந்தக் கடையிலும் இருக்காது என்று சேக் மைதீன் சொல்லியிருந்தார். நுனியில் துணி அடைத்துக்கொள் தாயே என்று அவரே துணியும் கொடுத்தார்.

இந்த முறை பெண்கள் சேர்ந்தே சிரித்தார்கள். கமிட்டிக்காரர்கள் புத்தகத்தைப் பிரித்து, எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சொந்த ஊர்ச் சப்பாத்து, வெளியூர்ச் சப்பாத்து என்று அதில் பிரிவு இல்லை.

தை இருபதாம் தேதி காலை இன்ஸ்பெக்டர் மனைவியோடு ஜீப்பில் வந்து இறங்கினார். ஓங்கல் காண மனைவிக்கு ஆசை. வள்ளத்தின் நீளத்தை அளந்தார், தண்ணீர் இறைக்கும் வாளியைப் பார்த்தார், மிதவைக் கட்டைகளை எண்ணினார். நாலு பேர் துடுப்புப் போட, யூஜின் பின்னால் நின்று திருப்ப, விக்டோரியா முதன்முதலாகத் தன் வள்ளத்தில் ஏறினாள். சப்பாத்துக்குள் கால் வழுக்கியது. வெறுங்கால் என்றால் பலகையைப் பிடித்து நிற்கலாம். நிற்க முடியாமல், வருகிறவர்கள் உட்காரும் குறுக்குப் பலகையில் இன்ஸ்பெக்டரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கரையை விட்டு அரை மைல் போனதும்தான் ஒரு காரியம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பாறையில் ஆள் இல்லை. ஓங்கலைக் கண்டு சொல்கிறவளை வள்ளத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். மூன்று வருஷமாக அவள் கண்ணை நம்பியே போன யூஜினுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் விக்டோரியாவுக்கும் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும் கருப்பு, கீழே வந்தால் வெறும் அலை. அடுத்த அலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

"எங்க போவட்டும் மைனி?" என்று யூஜின் கேட்டான். மேற்கே என்றாள். இல்லை. கிழக்கே. அங்கேயும் இல்லை. ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்துகொண்டார். திரும்பு என்று கையைக் காட்டினார்.

திரும்பும் வழியில் வந்தன. யாரும் தேடாதபோது, வள்ளத்துக்கு ஒரு முழத்தில். முதலில் சத்தம்தான் வந்தது, முக்கி மூச்சு விடுகிற ஆளின் சத்தம். விக்டோரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். சாம்பல் நிற முதுகு எழும்பி, உச்சியில் ஒரு துளை திறந்து மூடியது. ஈர மூச்சு அவள் முகத்தில் தெறித்தது. மீன் நாற்றம். பாறையிலிருந்து பார்த்த மூன்று வருஷமும் அது மூச்சு விடும் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்தது பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் பார்த்தது. மீனின் கண் போல வெறித்த கண் இல்லை. பார்க்கிற கண். அதற்குப் பின்னால் குட்டி ஒன்று, தாயின் விலாவை ஒட்டி. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வள்ளத்தின் முன்னால் பாய்ந்து பாய்ந்து போயின. விக்டோரியா பலகையைப் பிடித்த கையை விட்டுவிட்டாள். வாய் திறந்திருந்தது.

இன்ஸ்பெக்டரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நிங்ஙளும் காணான் வந்நதாணோ?" என்று சிரித்தபடி கேட்டாள். நீங்களும் பார்க்க வந்தவரா என்று. கேள்வி விக்டோரியாவுக்கு நன்றாகவே புரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கத்தானே வந்திருக்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினாள். கண் ஓங்கலை விட்டு வரவில்லை. பின்னால் குனிந்திருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, வள்ளக்காரன் யார் என்று கேட்டதும், நான் என்று யூஜின் பேர் சொல்ல அவர் எழுதிக்கொண்டதும் அவள் கவனத்துக்கு வரவில்லை. யூஜின் பொய் சொல்லவில்லை. துடுப்பைப் பிடித்தவன் வள்ளக்காரன், அவ்வளவுதான் அவன் நினைத்தது.

பெர்மிட் சித்திரையில் தபாலில் வந்தது. மலையாளம். அவள் மறுபடியும் தக்கலைக்குப் பஸ் ஏறினாள். முத்துநாயகம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உடமஸ்தன்: யூஜின். பரிசோதனைச் சவாரியில் பயணிகள்: பெண்கள் இரண்டு பேர்.

"நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?" என்று கேட்டார். சொன்னாள். சப்பாத்தையும் சொன்னாள், தலையாட்டியதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தார்.

கச்சேரியில் அவள் கத்தவில்லை. கத்தினால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். சொந்த வண்டிக்காரன் தன் வண்டியில் வேடிக்கை பார்க்கப் போவானா என்று குமாஸ்தா கேட்டார். சப்பாத்து போட்டு, சீட்டில் உட்கார்ந்து, காண வந்தேன் என்று சொன்னவள் பயணி, அவர் கணக்கு அவ்வளவு சுலபம். சப்பாத்து போடாவிட்டால் ஊர் ஏற விடாது. போட்டால் கச்சேரி உடமஸ்தி என்று ஒத்துக்கொள்ளாது. இந்த இரண்டு சட்டங்களை எழுதியவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. பார்க்காமலேயே எவ்வளவு ஒற்றுமை!

மனுவைப் பரிசீலிக்கிறோம் என்று கடிதம் வந்தது. அதை நம்பி அடுத்த பருவத்திலும் பாறையில் ஏறினாள். பெர்மிட்டை யூஜின் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். வருகிறவர்கள் அவனை முதலாளி என்று கூப்பிட்டார்கள். முதலில் கூசினான். பிறகு கூசவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கையில் வந்து விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு ஆவணியில் ஊர்த் திருநாள். சாமியார் வள்ளங்களை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது சொந்தக்காரர்களின் பேரை வாசிப்பது வழக்கம். ஆறு வருஷமாக 'ததேயுஸ் வள்ளம்' என்று வாசித்தார்கள். செத்தவன் பேரைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அன்றைக்கு 'யூஜின் வள்ளம்' என்று வாசித்தார்கள். பெண்கள் கூட்டத்தில் நின்ற விக்டோரியா வீட்டுக்குப் போய், மூங்கில் கழியை வெட்டி அடுப்பில் வைத்தாள்.

ஐப்பசியில் முதல் கார்கள் வந்தன. அவள் பாறைக்குப் போகவில்லை. மரியஜானின் மருமகன் ஒருவனை ஏற்றினார்கள். அவன் மிதந்து போன தென்னை மட்டைகளைக் கண்டு முண்டை வீசினான். எஸ்டேட் விருந்தாளிகள் இரண்டரை மணி நேரம் வெயிலில் காய்ந்து, ஒரு முதுகைக்கூடக் காணாமல் திரும்பினார்கள். மறு வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் கார் வரவில்லை. நண்டு வறுக்கும் சட்டி குளிர்ந்தது. மரியஜானே வீடு தேடி வந்தார். கமிட்டி வருத்தப்படுகிறது என்றார். படட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு யூஜின் வந்தான்.

"பேருதானே மைனி. அத வச்சு நீங்க என்ன செய்யப் போறிய?"

"பேருதானேன்னா உனக்கு எதுக்குலே அது? தந்துரு."

அவன் வாசலில் நின்றான். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. கடைசியில், எங்கே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

நவம்பர் முதல் தேதி ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தது. வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். கச்சேரியில் பெயர்ப்பலகை தமிழில் மாறியிருந்தது. விண்ணப்பத் தாளும் தமிழ். விக்டோரியா அதை எழுத்துக் கூட்டித் தானே வாசித்தாள். இரண்டு வருஷமாகப் பிறர் வாய் வழியாகக் கேட்டதைத் தன் கண்ணால் இரண்டு தடவை வாசித்தாள். இனி விளங்கும் என்று நினைத்தாள். மதராஸ் பக்கத்திலிருந்து வந்த புதிய குமாஸ்தா, நெற்றியில் பட்டை போட்டவர், தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வள்ளத்துச் சொந்தக்காரர் எங்கேம்மா?"

சுத்தமான தமிழில் கேட்டார்.

அவள் கூட வந்த கொழுந்தனைப் பார்த்தாள். யூஜின்தான் பேசினான். "இவிய வள்ளம் சார். எனக்க மைனி. இவியளுக்க காசுல செய்தது. நான் துடுப்பு போடுதவன்."

குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். அவள் சொன்னதை ஒரு தடவைகூட நம்பாத கச்சேரி, அவன் சொன்னதை எழுதி எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அது அவளுக்கு நல்லதுதான். ஆனால் தன் வள்ளம் தன்னுடையது என்பதற்கு ஒரு ஆணின் வாய் வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் வீடு வரை கூட வந்தது.

காரியமும் முடியவில்லை. பழைய கோப்பு திருவனந்தபுரத்தில் இருக்கிறது, அது வந்தால்தான் பேர் மாற்ற முடியும், அதுவரை பழைய பெர்மிட் செல்லும் என்றார் குமாஸ்தா. எப்போது வரும்? இரண்டு சர்க்காருக்கு நடுவில் இருக்கிறது அம்மா, யார் சொல்ல முடியும்?

அதுவரை சவாரி ஓட்டலாமே மைனி, நான்தான் சொல்லிவிட்டேனே என்று யூஜின் பஸ்ஸில் கெஞ்சினான். உன் பேரில் இருக்கும் காகிதத்துக்கு நான் ஓங்கல் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மார்கழியில் ஓங்கல் கூட்டம் கரையை ஒட்டி வந்தது. அப்படி ஒரு கூட்டம் சமீபத்தில் வந்ததில்லை என்றார்கள். வள்ளம் மணலில் ஏறிக் கிடந்தது. விக்டோரியா ஐந்து வருஷத்துக்குப் பிறகு மீன் கூடையைத் தலையில் ஏற்றினாள். உச்சந்தலையில் புதிதாக முளைத்திருந்த முடி முதல் வாரத்திலேயே உதிரத் தொடங்கியது. திங்கள்கிழமைதோறும் சந்தை முடிந்து, வெறும் கூடையோடு கச்சேரி வராந்தாவில் போய் நிற்பாள். மீன் நாற்றம் அடிக்கிறது, தள்ளி நில் என்பார் பியூன். தள்ளி நிற்க மாட்டாள்.

"கோப்பு வந்தாச்சா சாரே?"

"வரல்லேம்மா."

"அடுத்த திங்கள் வாறேன்."